ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



தூத்துக்குடியில் ஜெர்மன் வகுப்பு நடக்கும் மாடி அறைகள் பெருகிவிட்டன. நர்சிங் முடித்த பெண்கள், டிப்ளமோ முடித்துவிட்டு ஒப்பந்த வேலை பார்க்கும் பையன்கள், சென்னையிலும் கோவையிலும் பொறியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லோரும் சாயங்காலமானால் நோட்டும் கையுமாகப் படியேறுகிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்ற தேர்வுப் படிகள் கல்யாண வீட்டுப் பேச்சில்கூட அடிபடுகின்றன. “ஒங்க மக பி2 முடிச்சிட்டாளா?” என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் விசாரிக்கிறார். ஜெர்மனியில் செவிலியருக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் தேவை இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் உழைப்பு இருக்கிறது. கடன் அடைபடும், தங்கச்சி படிப்பாள், ஒழுகும் கூரை மாறும். இதில் மகிழ்ச்சியைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அப்படி ஒரு வகுப்பிலிருந்து வந்த கடிதத்துக்காக ஒதுக்குகிறேன். எழுதியவர் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அப்பா வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவர். மகள் பி1 தேறியிருக்கிறார். ஒருநாள் வகுப்பில் ஆசிரியை, ஃபிரான்ஸ் காஃப்கா எழுதிய ஒரு சின்னஞ்சிறு கதையைப் படித்துக் காட்டினாராம். ஓர் எலி, ஒரு பூனை, சில வரிகள், அவ்வளவுதான் கதை. வீட்டுக்கு வந்து அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வாசித்திருக்கிறார். அகராதியின் துணையில்லாமல் ஒரு கதை தன்னைத் தொட்டது அதுவே முதல் முறை என்கிறார். இப்போது அவருக்கு வேலைக்கான ஜெர்மனோடு நிறுத்த மனமில்லை. அந்த இலக்கியத்தையே படிக்க ஆசை. வீட்டில், “அதப் படிச்சு நமக்கு என்ன ஆகப்போவுது?” என்கிறார்கள். “நீங்களாவது சொல்லுங்கள் ஐயா, இது வீண் ஆசையா?” என்று முடிகிறது கடிதம்.

வீண் ஆசை இல்லை, மகளே. இந்தக் கரைக்கு மிகவும் தேவைப்படும் ஆசை அது. ஏன் என்று உனக்கும், உன் பெற்றோருக்கும், இதைப் படிக்கும் எல்லோருக்கும் விளக்கவே இந்த மாதம் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டார் கேட்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுவோம். ஜெர்மன் இலக்கியம் படிப்பது நம் நாட்டில் வழக்கமான படிப்புதான். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்த மாணவர், ஜெர்மன் ஓர் எழுத்துகூடத் தெரியாமலே, நுழைவுத் தேர்வு எழுதி ஜெர்மன் பி.ஏ. ஆனர்ஸில் சேரலாம். தில்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், புனே, மும்பைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றிலும் ஜெர்மன் படிப்பு உண்டு. மேலே படிக்க டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே தங்கிச் சாப்பிட ஆகும் செலவுக்குப் பணம் கையிருப்பில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படித்து முடித்தால் பேராசிரியர் வேலை உண்டு. அந்த இடங்கள் குறைவு என்பதும் உண்மை. பள்ளி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், ஆவணக் காப்பகப் பணி என்று வேறு வழிகளும் உண்டு. முழு வாழ்க்கையையும் இந்தத் துறையிலேயே கழித்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஜெர்மன் இலக்கியம் கற்பித்த பேராசிரியர் அனில் பட்டியின் பெயர் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மதிப்போடு சொல்லப்படுகிறது. பண்பாடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே அறிஞர்கள் அளந்துகொண்டிருந்த காலத்தில், ஒப்புமையிலிருந்தும் சிந்தனையைத் தொடங்கலாம் என்று வாதிட்டவர் அவர். 2015-இல் ஜெர்மன் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து அதைப் பற்றி ஜெர்மன் மொழியிலேயே ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். பல மொழிகள் பேசும் நாட்டில் வளர்ந்தவர் ஜெர்மானியருக்குச் சொல்ல ஏதோ ஒன்று வைத்திருந்தார். நாமும் வைத்திருக்கிறோம்.

சம்பளத்தைப் பற்றிய பேச்சு இதோடு போதும். நம் கரைக்கும் ஜெர்மனுக்கும் உள்ள சொந்தத்தைச் சொல்கிறேன்.

புன்னைக்காயலிலிருந்து தொடங்குவோம். தாமிரபரணி கடலில் கலக்கும் அந்த ஊரில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அன்றிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்ச்சுகீசிய யேசு சபைத் துறவி அன்ரிக்கே அன்ரிக்கஸ் இருந்தார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்து 1600-இல் இந்தக் கரையிலேயே இறந்தவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் ஆக்கித் தந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அது. அதற்கும் முன்பே அவர் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுவே. நம் கரைத் தமிழை, நம் முன்னோர் வாயிலிருந்து வந்தபடியே கேட்டுக் குறித்த ஏடு.

லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ள அந்தக் கையெழுத்துப் படி நானூறு ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. 1982-இல் அதைச் செம்பதிப்பாக அச்சேற்றியவர் ஹைடல்பர்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபெர்மீர். மொழிபெயர்ப்பியல் படிப்பவர்கள் எவரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஒரு மொழிபெயர்ப்பு என்ன நோக்கத்துக்காகச் செய்யப்படுகிறதோ அதுவே அதன் போக்கைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தவர் அவர். மொழிபெயர்ப்பைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்ன அந்த ஜெர்மன் அறிஞர், தன் வாழ்நாளில் ஒரு பகுதியைப் புன்னைக்காயல் பேச்சைப் பதிவுசெய்த ஓர் ஏட்டுக்குக் கொடுத்தார். பின்னர் 2013-இல் ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் அதே இலக்கணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியிட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் பேசிய தமிழ் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்று நாம் போய் நிற்க வேண்டியது இவர்கள் வாசலில்தான்.

அடுத்து தரங்கம்பாடிக்குப் போவோம். 1706 ஜூலையில் அங்கே கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இது நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்த செய்தி. நான் சொல்ல வருவது அதற்கடுத்து நடந்தது. ஊர் ஊராக ஆள் அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கினார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். வந்த இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஜெர்மனில் ஒரு விவரப் பட்டியல் எழுதினார். ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது, யார் எழுதியது என்று ஜெர்மானிய வாசகருக்குப் புரியும்படி குறிப்பு எழுதினார். அதே ஆண்டில் ‘நீதிவெண்பா’, ‘கொன்றை வேந்தன்’, ‘உலகநீதி’ மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

நம் பிள்ளைகள் அரிச்சுவடியோடு படிக்கும் ஔவையின் வாக்கு அன்றே ஜெர்மனுக்குப் போய்விட்டது! ஆனால் அந்த மொழிபெயர்ப்பு அச்சானது 1930-இல், ஆம்ஸ்டர்டாமில். 222 ஆண்டுகள் தாளில் கிடந்தது. தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த பெரிய நூலின் கதையும் அப்படித்தான். ஊருக்கு அனுப்பிவைத்தார்; அங்கே அதை அச்சிட விருப்பமில்லை. 1867-இல் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மன் என்பவர் பதிப்பித்த பிறகே அது வாசகர் கைக்கு வந்தது.

கெர்மனின் பதிப்பில் மூலத்தின்மேல் அவர் கை நிறையப் பட்டிருந்தது. சீகன்பால்கு உண்மையில் எழுதியது என்ன என்று தெரிய வேண்டுமானால் 300 ஆண்டுக்கு முந்திய ஜெர்மன் கையெழுத்தைப் படித்தாக வேண்டும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அந்த எழுத்து புரியாது. அதைப் படித்தவர் ஒரு தமிழர். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்தவரும், ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆய்வு செய்தவரும், பின்னர் இங்கிலாந்தில் லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவருமான டேனியல் ஜெயராஜ். மூலத்திலிருந்து அந்த நூலைப் புதிதாக வாசித்து 2003-இல் ஜெர்மனில் பதிப்பித்தார். அடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சீகன்பால்கின் தமிழ் இலக்கணத்தையும் 2010-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

உன் அப்பாவிடம் இந்த இடத்தை வாசித்துக் காட்டு, மகளே. நம் ஊர், நம் சாமி, நம் பாட்டு, நம் சாதிச் சண்டை, நம் வைத்தியம், நம் பஞ்சம் இவற்றைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் எழுதியவை ஹாலேயில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொடர்ந்து அச்சான அறிக்கைகளும், அச்சாகாத கடிதங்களும், நாட்குறிப்புகளும் அங்கே உண்டு. அவற்றில் தமிழர் பெயரும் தமிழர் பேச்சும் நிறைந்திருக்கின்றன. அவற்றை வாசிக்க மருத்துவமனை வார்டில் பேசும் ஜெர்மன் போதாது. அந்த மொழியின் இலக்கியத்துக்குள் ஆண்டுக்கணக்கில் ஊறியவர் வேண்டும். தமிழும் அதே ஆழத்தில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் உள்ளவர் உலகில் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக நீ ஆகலாம்.

இனி நம் பக்கத்து ஊர். இங்கிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் பாளையங்கோட்டை. பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி ரேனியஸ் 1820-இல் அங்கே வந்து 1838-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். நம் ஊரார் அவரை ரேனியஸ் ஐயர் என்றார்கள். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஆங்கிலத்தில் தமிழ் இலக்கணம் எழுதிய ஜெர்மானியர் அவர். 1832-இல் அவர் எழுதிய ‘பூமி சாஸ்திரம்’ தமிழில் வந்த முதல் புவியியல் நூல்களுள் ஒன்று. களக்காடு பக்கம் டோனாவூர் இருக்கிறதே, அந்தப் பெயரே ரேனியஸின் பணிக்குப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் நினைவாக வந்தது. நாம் அன்றாடம் பேருந்துப் பலகையில் பார்க்கும் பெயருக்குள் ஜெர்மனி இருக்கிறது.

ரேனியஸின் கடைசி ஆண்டுகளில் திருநெல்வேலிக்கு இன்னொரு இளைஞர் வந்து சேர்ந்தார். டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு 1836-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்த ஹெர்மன் குண்டர்ட். திருநெல்வேலியில் சில காலம் இருந்து தமிழில் தேறினார். பிறகு சித்தூர், மங்களூர் வழியாகத் தலச்சேரி போய் மலையாளத்துக்கே தன்னைக் கொடுத்துவிட்டார். மலையாளத்தின் முதல் செய்தித்தாளை 1847-இல் தொடங்கியவரும், 1872-இல் பெரிய அகராதியைத் தந்தவரும் அவர்தான். கேரளத்தார் இன்றும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

தலச்சேரியில் 1842-இல் அவருக்கு மரீ என்று ஒரு மகள் பிறந்தார். அந்த மரீயின் மகன் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1946-இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர். ‘சித்தார்த்தா’ நாவலைத் தமிழில் திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பில் வாசித்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறீர்கள். கால்வ் நகரில் இருந்த தாத்தா வீட்டில் இந்திய நூல்களும் இந்தியப் பொருள்களும் நிறைந்திருந்தன. அந்த வீட்டில் வளர்ந்த பேரன் 1911-இல் கிழக்கே பயணம் வந்தார். கொழும்பையும் கண்டியையும் பார்த்தார். தாத்தா வாழ்ந்த மலபார் கரைக்கு வரவே இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வரை வந்தவர் நம் பக்கம் வராமல் திரும்பினார். இருந்தாலும் 1922-இல் ‘சித்தார்த்தா’ வெளிவந்தது. ஒரு மனிதர் அயல்மொழிக்குள் இறங்கி அங்கேயே வாழ்ந்தால் அதன் பலன் மூன்றாம் தலைமுறையில், யாரும் எதிர்பாராத உருவத்தில் வந்து நிற்கும் என்பதற்கு இந்தக் குடும்பத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

குண்டர்ட் பிறந்து இரண்டு நாள் கழித்து, 1814 பிப்ரவரி 6-ஆம் தேதி, ஜெர்மனியில் இன்னொரு குழந்தை பிறந்தது. நெசவாளி வீட்டுப் பிள்ளை கார்ல் கிரௌல். இத்தாலிய மொழி கற்று, தாந்தேயின் நரக காண்டத்தை 1843-இல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். பிறகு லைப்சிக் மிஷனின் தலைவராகி 1849-இல் கிழக்கே பயணம் புறப்பட்டார். 1853-இல் ஊர் திரும்பிய பின் தமிழ் நூல்களை ஒரு வரிசையாகவே வெளியிடத் தொடங்கினார். 1856-இல் திருக்குறள் முழுவதும் ஜெர்மனில் வந்தது. 1864-இல் அவர் இறந்தார். மூலத்தோடும் இலத்தீன் மொழிபெயர்ப்போடும் அமைந்த குறள் பதிப்பு அடுத்த ஆண்டு வெளியாயிற்று. தாந்தேயை மொழிபெயர்த்த கை வள்ளுவரை மொழிபெயர்த்தது. தமிழை உலகப் பேரிலக்கியங்களோடு ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அவருக்கு அந்தப் பயிற்சி உதவியிருக்கிறது.

இதுவரை சொன்னவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து இங்கு வந்தவர்கள். மதம் பரப்ப வந்தவர்களே பலர். அந்த நோக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் நம் இலக்கியத்தைப் படித்த அக்கறை உண்மையானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழ் மண்ணிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்து, படித்ததை இந்த ஊருக்கே கொண்டுவந்த ஒருவரும் நமக்கு உண்டு. தூத்துக்குடிக்காரர்கள் அவரை இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பனில் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் அவருக்குக் கைவந்தன. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து 1940-இல் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். அங்கேதான் தன் தாய்மொழியின் பழைய இலக்கியம் தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கு உறைத்தது. பண்டிதர் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டார். அதுவும் போதாமல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ரோமாபுரியில் முனைவர் பட்டம் வாங்கிய அந்தக் குருவானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர்களாக இருந்திருப்பார்கள். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படி அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்தார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்த கண்ணோடு குறிஞ்சியையும் நெய்தலையும் பார்த்ததுதான் அந்த ஆராய்ச்சியின் பலம். வெளியே போய்ப் படித்ததால் வீட்டின் அருமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். இங்கிருந்தே 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். உப்பளமும் தோணியும் பஞ்சாலையும் உள்ள இந்த ஊர் முகவரியைத் தாங்கிக்கொண்டு அந்த இதழ் பாரிசுக்கும் லண்டனுக்கும் பிராகாவுக்கும் போனது. பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா எழுதினார். காஃப்கா பிறந்த பிராகா நகரிலிருந்து கமில் சுவலபில் எழுதினார். அன்று தமிழைப் பற்றி அறிய விரும்பிய வெளிநாட்டு அறிஞருக்கு முதல் கதவு நம் ஊரில்தான் திறந்தது. சிற்றூர்ப் பத்திரிகை நடத்தும் எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

அவரது தேடல் அதோடு நிற்கவில்லை. லிஸ்பன், ரோம் நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடினார். 1679-இல் அச்சான, 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டார். 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அதை மறுபதிப்பாகத் தந்தார். 1964 ஜனவரியில் தில்லியில் கூடிய கீழைத்தேய அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறக்க முன்னின்றவர் அவர். 1966 கோலாலம்பூர், 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம் என்று நடந்த மாநாடுகளின் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. 1980-இல் மறைந்தார்.

அவரைப் பாராட்டி முடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. தமிழுக்கு இவ்வளவு செய்ய அவரால் முடிந்ததற்கு அயல்மொழிகளை அவர் அடி ஆழம்வரை படித்திருந்தது பெரிய காரணம். ஃபிலியோசாவோடும் சுவலபிலோடும் சரிசமமாக உட்கார்ந்து பேச அவரால் முடிந்தது. அவர்கள் மொழி, அவர்கள் இலக்கியம், அவர்கள் பல்கலைக்கழக வழக்கம் எல்லாம் அவருக்குத் தெரியும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தமிழின் பெருமையை நமக்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரை ஒத்துக்கொள்ள வைக்க அவர் வீட்டுக்குள் போய்வந்தவர் வேண்டும்.

அப்படி ஜெர்மன் வீட்டுக்குள் போய்வந்தவர்களால் நமக்குக் கிடைத்ததற்கும் ஒரு சான்று உண்டு. காஃப்காவின் ‘விசாரணை’ நாவலை ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்கினார். க்ரியா பதிப்பகம் 1992-இல் வெளியிட்டது. ஒரு காலையில் காரணமே தெரியாமல் கைதாகும் வங்கி அதிகாரியின் கதை. அலுவலகத்திலிருந்து அலுவலகம், படிக்கட்டிலிருந்து படிக்கட்டு என்று அலைந்தும் குற்றம் என்னவென்று அவருக்குத் தெரிவதில்லை. ஒரு சான்றிதழுக்காக நாள்கணக்கில் அலைந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் அந்தப் படிக்கட்டுகள் பழக்கமானவை. நடுவில் இன்னொரு மொழி நிற்காததால், காஃப்காவின் நீண்ட, பதற்றமில்லாத வாக்கியங்களின் ஓட்டம் தமிழில் நேரடியாகக் கேட்கிறது. ஜெர்மனிலிருந்து தமிழுக்கு வந்தவற்றுள் பல ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. அவற்றைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்வோம். நேராக வந்தவை இன்னும் கூடட்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. நம் இலக்கியம் ஜெர்மனுக்கு நேராகப் போகவும் அதே ஆட்கள்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. ஆனாலும் குளிக்கப் போனவர்களின் கதை நம் வீடுகளில் இருக்கிறது. காலில் கல் கட்டி எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குகிறவருக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இழுப்பு தெரிந்த கணத்தில் தூக்க வேண்டும். அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். இலக்கியப் படிப்பும் பலனை உடனே காட்டாத ஆழம்தான். பி.ஏ., எம்.ஏ., ஆய்வு என்று பத்து ஆண்டுகள் ஓடிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குள் மாதச் சம்பளம் அனுப்பத் தொடங்கியிருக்கும். அந்தப் பத்து ஆண்டும் “இன்னும் என்னத்தப் படிக்கிற?” என்று கேட்காமல் கயிற்றைப் பிடித்து நிற்பது உங்கள் வேலை. வீட்டு நிலைமை இடம் கொடுக்காவிட்டால் வேறு வழியும் உண்டு. பி2 முடித்து வேலைக்குப் போகட்டும். நாலு காசு சேரட்டும். அங்கேயே பகுதிநேரமாகப் பல்கலைக்கழக வகுப்புக்குப் போகட்டும். தனிநாயகம் அடிகள் முப்பதைத் தாண்டித்தான் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தார். படிப்புக்கு வயது எல்லை கிடையாது.

ஜெர்மன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுத்தாளுக்கு நடுவே வாரத்துக்கு ஒரு பக்கம் கதையோ கவிதையோ படித்துக் காட்டுங்கள். இந்தக் கடிதம் எழுதிய பெண்ணுக்கு அவருடைய ஆசிரியை செய்தது அதுதான். முப்பது பேர் கேட்டார்கள் என்றால் இருபத்தொன்பது பேர் மறந்துவிட்டுத் தேர்வுக்குப் படிப்பார்கள், அது நியாயம்தான். மீதமுள்ள ஒருவருக்காகவே அந்தப் பக்கம்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று செய்கிறோம். அடுத்த இதழிலிருந்து, ஜெர்மன் மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய சிறு கதைகளுக்கும் கடிதங்களுக்கும் பயணக் குறிப்புகளுக்கும் இந்தப் பத்திரிகையில் இரண்டு பக்கம் நிரந்தரமாக ஒதுக்குகிறோம். படிப்பவராக இருக்கலாம், வேலைக்குப் போய் ஜெர்மனியில் இருப்பவராக இருக்கலாம். முதல் முயற்சி என்று தயங்க வேண்டாம். மூலத்தின் படியையும் சேர்த்து அனுப்புங்கள். ஜெர்மன் நன்கு அறிந்தவர்களிடம் காட்டி, சரிபார்த்து, உங்களோடு பேசியே வெளியிடுவோம். சிறியதானாலும் சன்மானம் உண்டு. நம் ஊரைப் பற்றிப் பழைய ஜெர்மன் நூல்களில் உள்ள பகுதிகளைத் தேடி எடுத்துத் தமிழில் தருகிறவர்களுக்கு முதலிடம்.

கடிதம் எழுதிய மகளே, அந்த எலியும் பூனையும் கதையை நீயே தமிழில் எழுதி அனுப்பு. புதிய பக்கத்தை உன் மொழிபெயர்ப்போடுதான் தொடங்கப்போகிறோம். மாதத்தின் இருபதாம் தேதிக்குள் எங்கள் கைக்கு வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்